பொழுதளந்த கதை – 11: விரையும் மாலையும் தாமதிக்கும் காலையும்

உத்தராயண புண்ணிய காலமும் தை மாதப் பிறப்பும் ஒரு காலத்தில் ஒரே நாளில் கூடியிருந்து, பிற்பாடு எவ்வாறு ஒன்றையொன்று விட்டு விலகின என்பதை இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழின் கடைசி வரியில் வாக்களித்திருந்தேன். அந்த உத்தேசத்தோடுதான் வாக்கியம், திருக்கணிதம் ஆகிய இருவகைப் பஞ்சாங்கங்களையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அதைப் படித்த பிறகு என் புத்தி வேறொன்றிலும் செல்ல மறுத்துவிட்டது. ஆசிரியரோ வியாழக்கிழமை மாலைக்குள் கைப்பிரதி வந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே கடிதத்துக்குப் பதில் முதலில், உத்தராயணம், இடமிருந்தால். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதும், அதனால் ஜூன் 21-ஐ ஒட்டிப் பகல் நீண்டும் டிசம்பர் 22-ஐ ஒட்டிக் குறுகியும் போவதும் முன்பே எழுதித் தீர்த்த விஷயங்கள். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடிதம் எழுதியவர் ஓர் இளம் பெண். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, அந்தப் பிராந்தியத்துத் தொழிற்சாலைகளுள் ஒன்றில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் அவர் நிற்கும் இடத்துக்குக் காலை 6 மணி 10 நிமிஷத்துக்கு வருகிறது. மாலை 6 மணிக்கு அவர் கேட்டைத் தாண்டி வெளியே வருகிறார். வருஷம் முழுவதும் ஒரே பஸ், ஒரே கேட், ஒரே கடிகாரம். கார்த்திகை பிறந்த புதிதில், பஸ் வரும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் எழுத்தைப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் அதே நேரத்தில் ஏறினால், செல்போனில் டார்ச் அடித்துத்தான் பஸ் படியைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். மாலையிலோ எல்லாம் நேர்மாறு. கார்த்திகையில் கேட்டை விட்டு வரும்போது விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. தை மாதத்தில் அதே ஆறு மணிக்கு மேற்கே சூரியன் இன்னும் நிற்கிறது. "டிசம்பர் 22-தான் குறைந்த பகல் என்று நீங்களும் எழுதினீர்கள், பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள். அப்படியானால் காலையும் மாலையும் அன்றைக்குத்தானே ஒருசேரக் கெட்டிருக்க வேண்டும்? மாலை ஒரு மாதம் முந்திக்கொண்டும் காலை ஒரு மாதம் பிந்திக்கொண்டும் கெடுவது ஏன்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

இதைக் காட்டிலும் நேர்த்தியான கேள்வி ஒன்று இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வந்ததில்லை. கருவி எதுவும் இல்லாமல், ஒரு பஸ்ஸின் வருகையையும் ஒரு கேட்டின் திறப்பையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டு, பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் வாய் திறவாத ஒரு வானநூல் உண்மையை அந்தப் பெண் பிரத்தியட்சமாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

இருந்தாலும், சாட்சி ஒன்று போதாது என்பது என் சுபாவம். அன்று மாலையே ஒரகடம் கூட்ரோட்டுக்குப் போய், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டித் திரும்பும் முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம், "ஏன் தம்பி, கடைக்கு லைட் எத்தனை மணிக்குப் போடறீங்க?" என்று கேட்டேன். பாய்லரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதுக்கு ஒரே கணக்குக் கிடையாது சார். கார்த்திகையில அஞ்சே முக்காலுக்கெல்லாம் போட்டுடணும். பொங்கல் தாண்டிட்டா ஆறேகால் வரைக்கும் வேணாம்," என்றார். "அப்போ டிசம்பர் கடைசியில?" என்றேன். "அது ரெண்டுக்கும் நடுவுல. டிசம்பர்ல சாயங்காலம் வளர ஆரம்பிச்சிடும் சார், காலையிலதான் விடியவே மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார். மின்சாரக் கட்டணம் கட்டுகிறவனுக்கு ஆகாயம் தெரிந்துதான் இருக்கிறது.

இனிக் கணக்கு. இவ்விடங்களுக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. அவ்வூருக்கென்று கணித்துப் பார்த்தால், நவம்பர் 20-ஆம் தேதி, அதாவது கார்த்திகை பிறந்த நாலைந்து நாளில், உதயம் 6 மணி 11 நிமிஷம், அஸ்தமனம் 5 மணி 41 நிமிஷம். டிசம்பர் 22-இல் உதயம் 6-28, அஸ்தமனம் 5-50. ஜனவரி 22-இல், அதாவது தை பிறந்து ஒரு வாரம் கழிந்தபின், உதயம் 6-37, அஸ்தமனம் 6-07. வருஷத்திலேயே மிகச் சீக்கிரமாகச் சூரியன் அஸ்தமிப்பது அந்தக் கார்த்திகை நாளில்தான். மிகத் தாமதமாக உதிப்பது அந்தத் தை நாளில்தான். பகலின் நீளத்தைப் பாருங்கள்: நவம்பர் 20-க்கும் ஜனவரி 22-க்கும் ஒரே பகல், இரண்டும் ஏறக்குறைய பதினொன்றரை மணி. நடுவில் உள்ள டிசம்பர் 22-க்கு 11 மணி 22 நிமிஷம். வித்தியாசம் எட்டே நிமிஷம். ஆனால் அதே பதினொன்றரை மணி நேரப் பகல் கார்த்திகையில் ஒரு நேரத்திலும் தையில் அதற்கு 26 நிமிஷம் பிந்தியும் தொடங்குகிறது. பகல் குறுகுவதோ நீளுவதோ அல்ல, முழுப் பகலுமே இடம்பெயர்ந்து போவதுதான் நம் வாசகியின் அனுபவம்.

மார்கழி மாதத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் விசித்திரம் இன்னும் துலக்கமாகும். மார்கழி முதல் தேதியில் உதயம் 6-25. தை முதல் தேதியில் 6-36. அஸ்தமனம் முன்னதில் 5-47, பின்னதில் 6-02. அந்த ஒரு மாதத்துக்குள் காலை பதினொரு நிமிஷத்தை இழக்கிறது. மாலை பதினைந்து நிமிஷத்தைப் பெறுகிறது. விடியுமுன் எழுந்து நீராடிக் கோயிலுக்குப் போகும் மாதமென்று நம்மவர்கள் வகுத்துக்கொண்ட மாதம், மாதம் முழுவதும் விடியலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது என்றால், அந்த விரதத்துக்கு அது செய்யும் உபகாரம் சாமானியமானதன்று. திருப்பாவை ஜீயர் என்று பெயர் பெற்ற இராமாநுஜர் 1017-இல் அவதரித்த ஊர் இந்த ஸ்ரீபெரும்புதூரேதான் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்று அவ்வூரில் மார்கழி இருட்டில் முதலில் கேட்பது கோயில் மணியா, ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்ற வரும் பஸ்ஸின் ஹாரனா என்பது, நாம் எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த இடப்பெயர்ச்சிக்குக் காரணம் யாது? நாம் மத்தியானம் என்று சொல்லும் 12 மணிக்கும், சூரியன் மெய்யாகவே உச்சிக்கு வரும் கணத்துக்கும் இடையேயுள்ள உறவு நிலையானதன்று. முதலாவதாக, இந்தியா முழுமைக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஸ்ரீபெரும்புதூர் அதற்கு இரண்டரைப் பாகை மேற்கே இருப்பதால், சராசரியாக அங்கே உச்சிவேளை 12 மணி 10 நிமிஷத்துக்குத்தான் வரும். இந்தப் பத்து நிமிஷம் மனிதன் வகுத்தது. 1906 ஜனவரி முதல் தேதி இந்திய நேரம் அமலுக்கு வருவதற்கு முன், நுங்கம்பாக்கத்து வானநூல் ஆராய்ச்சிக் கூடத்தில் கோல்டிங்ஹாம் துரை 1802-இல் நிர்ணயித்த சென்னை நேரந்தான் இந்தப் பக்கத்து ரயில்களுக்கெல்லாம் நேரம். அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. அது நீடித்திருந்தால் ஸ்ரீபெரும்புதூர்க் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் சராசரி வேற்றுமை ஒன்றரை நிமிஷத்துக்குள் அடங்கியிருக்கும்.

இரண்டாவது காரணம் மனிதன் கைக்கு அப்பாற்பட்டது. ஓர் உச்சிவேளையிலிருந்து அடுத்த உச்சிவேளை வரையில் சரியாக 24 மணி நேரம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அது வருஷத்தில் நான்கு நாட்களுக்குத்தான் மெய். பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாகையாலும், ஜனவரி முதல் வாரத்தில் அது சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில், வந்து அப்போதுதான் அதிக வேகத்தோடு ஓடுவதாகையாலும், தன்னைத்தான் ஒரு சுற்றுச் சுற்றியபின் சூரியனை மீண்டும் நேருக்கு நேர் பிடிப்பதற்கு அந்தக் காலத்தில் அதற்குச் சற்று அதிகமான அவகாசம் தேவைப்படுகிறது. அச்சின் சாய்வு இதனோடு சேர்ந்துகொள்கிறது: அயன காலங்களில் சூரியன் வானத்து நடுக்கோட்டுக்கு இணையாகவே கிழக்கு நோக்கி நகர்வதால், அன்றாட நகர்ச்சி முழுவதும் கடிகாரக் கணக்கில் வந்து விழுகிறது. டிசம்பர்க் கடைசியில் இவ்விரண்டும் ஒரே திசையில் கூடுவதால், அந்த நாட்களில் உச்சியிலிருந்து உச்சி வரை 24 மணி நேரமும் அதற்கு மேல் ஏறத்தாழ அரை நிமிஷமும் ஆகிறது. நாளொன்றுக்கு அரை நிமிஷம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது சேமிப்பாகக் கூடிக்கொண்டே வந்து, நவம்பர் மூன்றாம் தேதி 11-54-க்கு உச்சியில் நின்ற சூரியனைப் பிப்ரவரி பதினொன்றாம் தேதி 12-24-க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நூறே நாளில் உச்சிவேளை முழுதாக அரை மணி நேரம் நகர்ந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் அதே இரண்டு காரணங்களும் ஒன்றுக்கொன்று விரோதமாக இழுப்பதால், உச்சிவேளை நாளொன்றுக்குப் பதின்மூன்று விநாடிதான் நகர்கிறது. அதனால் முந்திய உதயம் ஜூன் தொடக்கத்திலும் பிந்திய அஸ்தமனம் ஜூலை எட்டாம் தேதி வாக்கிலும் வந்து, கோடையில் இந்தப் பிளவு சற்று அடங்கியிருக்கிறது.

உச்சிவேளை இப்படி நகர்வது உலகம் முழுவதற்கும் பொதுதான். லண்டனுக்கும் அதே அரை நிமிஷந்தான். ஆனால் லண்டனில் மிக முந்திய அஸ்தமனம் டிசம்பர் 12-ஐ ஒட்டியும், மிகப் பிந்திய உதயம் டிசம்பர் கடைசியிலும் வந்து, இரண்டும் அயன நாளைச் சுற்றி மூன்று வாரத்துக்குள் அடங்கிவிட, நமக்கு மட்டும் இவை இரண்டு மாத இடைவெளியில் பிரிந்து நிற்பானேன்? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஆனந்தம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நவம்பர் 20-லிருந்து டிசம்பர் 22-க்குள் லண்டனில் அரைப் பகலின் நீளம் ஏறக்குறைய 24 நிமிஷம் சுருங்குகிறது. உச்சிவேளை பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் பின்னுக்குப் போனாலும், அந்தச் சுருக்கம் அதை விழுங்கிவிடுகிறது. ஆகவே மாலை டிசம்பர் நடு வரை முந்திக்கொண்டே போகிறது. ஸ்ரீபெரும்புதூரிலோ அதே காலத்தில் அரைப் பகல் சுருங்குவது நாலே நிமிஷந்தான். பதின்மூன்று நிமிஷம் பின்னுக்குப் போகிற உச்சிவேளைக்கு எதிரே நாலு நிமிஷம் என்ன செய்யும்? மாலை கார்த்திகையிலேயே திரும்பிவிடுகிறது. பகலின் நீளம் வருஷம் முழுவதும் அதிகம் மாறாத நாடாக இருப்பதனாலேயே, மற்ற நாடுகளில் மறைந்துகிடக்கும் சூரியனுடைய இந்தச் சின்னத் தடுமாற்றம் நம் நாட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கண்ணில்கூடப் பட்டுவிடுகிறது. வடக்கே போகப் போகப் பகல் பெரிதாகவும் சிறிதாகவும் ஆடும் ஆட்டத்தில் இது யாருக்கும் தெரிவதில்லை.

வடக்கே போவதென்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டால், தமிழர்கள் போனவரைக்கும் போய்ப் பார்க்கலாம். நார்வே தேசத்தின் வடகோடியில் ஃபின்மார்க் என்று ஒரு மாகாணம். யாழ்ப்பாணத்திலிருந்து பிழைப்பும் பாதுகாப்பும் தேடிப் போன தமிழர்கள் பலர் 1980-களில் அங்குள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அந்த அட்சரேகையில் நவம்பர்க் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடு தாண்டும் வரையில், ஏறக்குறைய இரண்டு மாத காலம், சூரியன் உதிப்பதே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் முந்திய மாலைக்கும் பிந்திய காலைக்கும் இடையேயுள்ள இரண்டு மாதமும், ஃபின்மார்க்கில் சூரியனே இல்லாத இரண்டு மாதமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. இதற்குள் ஒரு காரண காரிய சம்பந்தமும் கிடையாது, வெறும் தற்செயல்தான், ஆனாலும் இரண்டு தொழிற்சாலை வாசல்களிலும் தமிழர்கள் நிற்கிறார்கள் என்பதனால் எழுதி வைத்தேன்.

தொழிற்சாலை வாசல் என்றதும் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்திருந்தது. அந்த விதி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடு பெண்கள் இரவு ஷிஃப்ட்டிலும் வேலை செய்யலாம் என்று ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும்படியான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கும் இன்றைய நிலைமைக்கு அந்தத் தீர்ப்பு ஓர் அஸ்திவாரம் என்று சொல்லலாம். ஆனால் எனக்கு அதில் உள்ள கடிகாரந்தான் விசேஷம். ஸ்ரீபெரும்புதூரில் வருஷத்தின் மிகப் பிந்திய அஸ்தமனம் மாலை 6-41. அதற்குப்பின் அந்தி வெளிச்சம் இந்த அட்சரேகையில் 22, 23 நிமிஷந்தான் நிற்கும். ஆக 7 மணி என்பது, நம் ஊர் வெளிச்சத்தின் கடைசி எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்தப் பொருத்தத்தைச் சட்டம் இயற்றியவர்கள் உத்தேசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அதே சட்டம் அஸ்ஸாமுக்கும் செல்லுபடியாயிற்று. அங்கே திப்ருகட்டில் டிசம்பர் மாதத்தில் நாலரை மணிக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும். அங்குள்ள தேயிலைத் தோட்டக்காரர்கள் சர்க்கார்க் கடிகாரத்தை நம்பிப் பிரயோஜனமில்லையென்று கண்டு, ஒரு மணி நேரம் முன்னே தள்ளித் தோட்ட நேரமென்று தங்களுக்கெனத் தனியே ஒரு நேரம் வைத்துக்கொண்டார்கள். இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

இது கிடக்கட்டும். மேஜைமேல் பரப்பிய பஞ்சாங்கங்களை மூடி வைப்பதற்கு முன், அவற்றுள் அகஸ் என்ற தலைப்பின் கீழ்த் தினந்தோறும் அச்சாகியிருக்கும் எண்ணை வாசகர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ராகு காலமும் நல்ல நேரமும் பார்ப்பவர்களின் கண் அதன்மேல் விழுவதே இல்லை. அன்றையப் பகல் எத்தனை நாழிகை என்பதுதான் அந்த எண். இரவும் பகலும் சேர்ந்து அறுபது நாழிகை; சம பகல் முப்பது; தை, மாசி கழிந்து பங்குனியில் முப்பதைத் தாண்டி ஆனியில் உச்சத்துக்குப் போய், மார்கழியில் அடிமட்டத்துக்கு இறங்கும்.

அந்த எண்ணைக் கணிக்க நம் கரண நூல்கள் சொல்லும் உபாயம் ஒன்று உண்டு. ஒரு சமதளத்தில் பன்னிரண்டு அங்குலக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21 தேதியில் உச்சிவேளை நிழலை அளந்துகொள்ள வேண்டும். சங்கு என்பது அந்தக் குச்சி. ஸ்ரீபெரும்புதூரில் நிழல் 2¾ அங்குலம் இருக்கும். இதை முதலில் 10-ஆலும், பிறகு 8-ஆலும், பிறகு 3⅓-ஆலும் பெருக்குங்கள்: 27½, 22, 9-க்குச் சற்று மேல். மூன்றும் கூடினால் 58⅔. இது விநாழிகைக் கணக்கு; ஒரு விநாழிகைக்கு 24 விநாடி. அரைப் பகலாகிய பதினைந்து நாழிகையோடு இதைக் கூட்டி இரட்டித்தால் நீண்ட பகல். கழித்து இரட்டித்தால் குறைந்த பகல். நம் மணிக் கணக்கில் சொன்னால் 12 மணி 47 நிமிஷமும் 11 மணி 13 நிமிஷமும் வருகின்றன. கோள முக்கோண கணிதத்தைக் கொண்டு இன்று நாம் செய்யும் கணக்குக்கும் இதற்கும் ஒரு நிமிஷம் வித்தியாசம்! வாயுமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரிய விம்பத்தின் மேல்விளிம்பைக் கொண்டு உதயாஸ்தமனம் குறிப்பதாலும், இரண்டிலும் இன்னும் ஏழு நிமிஷத்தைக் கூட்டிக்கொண்டு 12-53 என்றும் 11-22 என்றும் நாளிதழ்கள் போடுகின்றன.

அந்த 10, 8, 3⅓ என்ற மூன்று எண்களை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம பகலுக்குப் பின் வரும் முதல் மாதத்தில் பகல் எவ்வளவு வளரும், இரண்டாம் மாதத்தில் எவ்வளவு, மூன்றாம் மாதத்தில் எவ்வளவு என்பதற்கு அவை விகிதங்கள். ஸ்ரீபெரும்புதூரில் முதல் மாதம் 22 நிமிஷம். இரண்டாம் மாதம் 17½ நிமிஷம். மூன்றாம் மாதமோ 7 நிமிஷத்துக்குச் சற்று மேல். ஊஞ்சல் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் நின்று நிதானித்தும் ஆடுவது போலத்தான் பகலின் வளர்ச்சியும். அயன நாளுக்கு முன்னும் பின்னும் பல நாட்கள் பகல் அசையாமல் நிற்பதாகத் தோன்றுவதும், அந்த அசையாமையில் உச்சிவேளையின் நகர்ச்சி மட்டும் தனியே தலைகாட்டுவதும், இந்தக் கடைசி எண்ணின் சிறுமைக்குள் அடக்கம். கடிதம் எழுதிய பெண்ணுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டுமானால், 3⅓ என்று எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தக் கணக்குகளெல்லாம் நம் ஊரில் எழுத்தில் இருந்ததைக் காட்டிலும் மனப்பாடத்தில்தான் அதிகம் இருந்தன. ஜான் வாரன் என்பவர், சென்னை வானநூல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சில காலம் நடத்தியவர். அதற்கு முன்பு மைசூர் எல்லையை அளக்கப் போன இடத்தில் கோலார்ப் பக்கத்து மண்ணில் பொன் இருப்பதைக் கிராமத்தாரைக் கொண்டு அரித்துக் காட்டச் செய்தவரும் அவரே. 1825-இல் சென்னையில் அச்சான அவருடைய காலசங்கலிதம் என்ற நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், சித்தாந்தங்களின் தத்துவம் ஒன்றும் அறியாதவர், தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாக உருப்போட்டிருந்த வாய்பாடுகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, அந்த வருஷம் மே 31, ஜூன் 1 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். கிரகணம் பிடித்த நேரத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் நாலு நிமிஷந்தான் வேற்றுமை. நடுவில் 23 நிமிஷமும் விடுவதில் 52 நிமிஷமும் விலகிப்போயிற்று. கணித சரித்திரக்காரரான நியூகெபவர் 1952-இல் தமிழர் வானநூல் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, இந்தச் சோழிக் கணக்கின் மூலத்தைத் தேடிக்கொண்டு எங்கெங்கோ போனார். முடிவில் 52 நிமிஷம் தவறிற்றே என்று சொல்பவர்கள் உண்டு. காகிதமும் பேனாவும் இல்லாமல், முன்பின் தெரியாத துரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில், நாலு நிமிஷத்துக்குள் பிடித்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஒரு குறிப்பு மட்டும் எஞ்சுகிறது. வேதாங்க ஜ்யோதிஷம் நீண்ட பகலுக்கும் குறைந்த பகலுக்கும் 18 முகூர்த்தம், 12 முகூர்த்தம் என்று விகிதம் கூறுகிறது. அதாவது 14 மணி 24 நிமிஷமும் 9 மணி 36 நிமிஷமும். இது 35 பாகை அட்சரேகைக்கு ஒத்துவரும் கணக்கு. காஷ்மீரத்துக்கு அப்பால் போனால்தான் சரிப்படும். நம் ஊருக்கு மூன்றுக்கு இரண்டு என்பது எந்த விதத்திலும் பொருந்தாது. பதினேழுக்குப் பதினைந்து என்பதே பொருந்தும். அந்த வடநாட்டு விகிதத்தைத் தெற்கே இருந்துகொண்டு பாடம் சொன்னவர்கள் தங்கள் வாசலில் விழும் நிழலைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பது ரசமாக இருக்கிறது.

இதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. அச்சுக்குக் கொண்டுபோகும் பையன் திண்ணையில் வந்து உட்கார்ந்து இரண்டு முறை தொண்டையைக் கனைத்தும் விட்டான். உத்தராயணத்தைப் பற்றி இவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்: சூரியன் மெய்யாகவே வடக்கு நோக்கித் திரும்பும் நாள் இப்போது மார்கழி ஏழாம் தேதியை ஒட்டி வருகிறது, நாம் பொங்கலிடும் தை முதல் தேதியோ அதற்கு மூன்று வாரத்துக்குமேல் பிந்தியிருக்கிறது, இந்தப் பிளவு ஏறக்குறைய எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் வளர்ந்துகொண்டே போகிறது. 1952-இல் மேகநாத் சாஹாவின் தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதைச் சரிப்படுத்தப் பார்த்ததும், பஞ்சாங்கக்காரர்கள் அதற்குச் செவிசாய்க்காததும் தனிக் கதை. இரண்டும் ஒன்றாயிருந்த கி.பி. 285-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்; வேறு கடிதம் எதுவும் வராமல் இருந்தால்.